நிழலுக்கு வந்த நாரை

"எத்தனை வருஷமா பறவை பாக்கறார்னு கேளு," என்றார் டாக்டர் மரேன்.

நான் அரபியில் கேட்டேன். மேசைக்கு எதிரே, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த சுவைலிம் யோசிக்கவே இல்லை.

"பாக்கறதா? நான் புடிக்கிறவன்."

அதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்று திணறினேன். வல்லூறு பிடிப்பது சட்டப்படி குற்றம். மரேனோ டென்மார்க்கிலிருந்து வந்திருந்த பறவை ஆய்வாளர். எங்கள் காற்றாலைப் பண்ணையில் பறவைக் கண்காணிப்பு முழுவதும் அவர் பொறுப்பு. நான் அவருக்கு மொழிபெயர்ப்பதும் பதிவேடு எழுதுவதுமாக அங்கே வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. "இருபது வருஷமாம்" என்று மட்டும் சொன்னேன்.

"அவர் சொன்னது ரெண்டே வார்த்தை. அதுல இருபது எங்க வந்துச்சு? சொன்னதைச் சொல்லு," என்று மரேன் சிரித்தார்.

சொன்னேன். மரேனின் முகம் மாறவில்லை. "என்ன புடிப்பார்?"

"ஹுர், ஷாஹீன். ரெண்டும் வல்லூறு. மத்ததெல்லாம் எனக்குப் பறவைக் கணக்குலயே வராது."

"அது கண்ணுக்கே தெரியாத உயரத்துல போகுமே. வருதுன்னு எப்படித் தெரியும்?"

"ஒரு புறாவைக் கட்டி வெச்சிருப்பேன். மேல வல்லூறு வந்தா அது தலையைச் சாய்ச்சு ஒத்தைக் கண்ணால பாக்கும். நான் வானத்தைப் பாக்க மாட்டேன். புறாவைத்தான் பாத்துக்கிட்டிருப்பேன்."

மரேன் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். ஜன்னலுக்கு வெளியே மலைப்பக்கம் தெரிந்த ஒரு கரும்புள்ளியைக் காட்டினார். "அது என்ன?"

"புல்வெளிக் கழுகு. இப்பத்தான் தின்னிருக்கு. தொண்டைப் பை கனமா இருக்கு, அதான் சாஞ்சு சாஞ்சு போகுது."

மரேன் எழுந்து தொலைநோக்கியில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வந்து உட்கார்ந்து, "இந்த வேலை எதுக்கு உங்களுக்கு?" என்றார்.

"மழை பாத்து ஏழு வருஷம் ஆச்சு. ஆடு எல்லாம் வித்தாச்சு. வல்லூறும் முன்ன மாதிரி வர்றதில்ல. நீங்க என்னடான்னா, பறவையைத் தொட வேணாம், சும்மா பாத்தா போதும், சம்பளம்ங்கறீங்க. எங்க ஆளுங்ககிட்ட சொன்னா வயிறு வலிக்கச் சிரிப்பாங்க. சரி, பாத்துட்டு என்ன செய்யணும்?"

"வாக்கி டாக்கியில 'நிறுத்து'ன்னு சொல்லணும். நிறுத்திடுவாங்க."

"எதை?"

மரேன் வெளியே கையைக் காட்டினார். எட்டு வரிசை, வரிசைக்கு எட்டு, மொத்தம் அறுபத்து நான்கு கோபுரங்கள். வளைகுடாவின் காற்றில் எல்லாமே சுழன்றுகொண்டிருந்தன.

"இதையா? நான் சொன்னா?"

"நீங்க சொன்னா."

அவர் என் பக்கம் திரும்பினார். "பொண்ணே, நீ சரியாத்தான் மாத்திச் சொல்றியா? இல்ல வேற யாருக்கோ வெச்சிருக்கற வேலையை எனக்குச் சொல்றியா?"

"சரியாத்தான் சொல்றேன்."

அவர் கோபுரங்களைக் கையால் காட்டினார். "இந்த மாதிரி வேற எங்கயும் இருக்கா?"

"உலகம் பூரா நட்டுக்கிட்டிருக்காங்க," என்றார் மரேன். "எங்க நாட்டுல கடலுக்குள்ளயே நட்டிருக்காங்க. எண்ணெயும் கரியும் எரிச்சு எரிச்சு பூமி சூடாகிட்டே போகுது. அதைக் கொறைக்கணும்னா இன்னும் எவ்வளவோ நடணும்."

"அங்கெல்லாமும் ஒருத்தன் ஒக்காந்து வானத்தைப் பாக்கறானா?"

"இல்ல. எல்லா எடத்துலயும் இல்ல."

சுவைலிம் எழுந்து தலைத்துணியைச் சரிசெய்துகொண்டார். "சரி. இங்க நான் ஒக்காரறேன்."

அப்படித்தான் அவர் மூன்றாம் கண்காணிப்பு இடத்துக்கு வந்தார்.

கெய்ரோவிலிருந்து தெற்கே கடலோரமாக வந்தால் எங்கள் ராஸ் காரிப். எண்ணெய் ஊர். என் அப்பா முப்பது வருடம் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்தவர். வீட்டில் துணி காயப்போட்டால்கூட அந்த வாடைதான் அடிக்கும். ஊரைத் தாண்டினால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, நடுவில் காற்றைத் தவிர ஒன்றும் கிடையாது. அந்தக் காற்றுக்காகத்தான் கோபுரங்கள் வந்தன. அதே காற்றில்தான் ஒவ்வொரு வசந்தத்திலும் தெற்கேயிருந்து பறவைகள் வடக்கே போகின்றன. இரண்டுக்கும் வழி ஒன்றாகிப்போனது. அதனால் எட்டு இடங்களில் எட்டுப் பேர், விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை, நாற்காலி போட்டு உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பார்கள். விதி எளிது. பெரிய பறவைகள் பத்தோ அதற்கு மேலோ கூட்டமாக வந்தால் நிறுத்த வேண்டும். அழிந்துகொண்டிருக்கும் சில இனங்கள் மட்டும் ஒன்றே வந்தாலும் நிறுத்த வேண்டும். ஹுர் வல்லூறு அந்தப் பட்டியலில் இருந்தது. அதைக் கேட்டதும் சுவைலிமுக்குச் சிரிப்பு. "ஒரு ஹுர், பத்து நாரைக்குச் சமம். இந்த டாக்டரம்மா கணக்கும் எங்க கணக்கும் ஒண்ணாத்தான் இருக்கு."

மூத்த மகன் ஃபராஜ் என்பதால் எல்லோரும் அவரை 'அபூ ஃபராஜ்', அதாவது ஃபராஜின் அப்பா, என்றுதான் கூப்பிடுவோம். வயது நாற்பத்தைந்து இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. பைனாகுலர் கொடுத்தால் கழுத்தில் மாட்டிக்கொள்வார், கண்ணில் வைக்க மாட்டார். "அதுக்குள்ள பாத்தா வானம் சின்னதாயிடுது" என்பார். அவர் பங்காளிகள் அவருக்கு 'நாரைகளின் வாயில்காப்பான்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கல்யாண வீடுகளில் அவர் வந்தால், "வழி விடுங்கப்பா, இவர் கையைத் தூக்கினா காத்தே நின்னுடும்" என்பார்களாம். அதை அவரே எங்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அவர் முதல் முறை 'நிறுத்து' என்று சொன்னது எங்களுக்குக் கேட்கவே இல்லை. நான் கட்டுப்பாட்டு அறையில் பொறியாளர் ஹாதிமின் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தேன். வாக்கி டாக்கியில் ஏதோ மூச்சு விடுவது போல் ஒரு சத்தம்.

"யாரு, மூணாம் எடமா?" என்றார் ஹாதிம். "நிக்காஹ்ல சம்மதம் கேட்ட பொண்ணு மாதிரி முணுமுணுக்காதீங்க அபூ ஃபராஜ், வாயைத் தொறந்து சொல்லுங்க!"

"நிறுத்து! மூணாம் வரிசை! கழுகு, முப்பத்தொண்ணு!"

ஹாதிம் திரையில் தட்டினார். மூன்றாம் வரிசையில் எட்டுக் கோபுரங்களின் இறக்கைகளும் காற்றுக்கு முகத்தைக் காட்டாமல் ஒருக்களித்துத் திரும்பின. வேகம் தளர்ந்தது. ஒவ்வொன்றாக நின்றன. கழுகுகள் கடந்து போயிருக்க வேண்டும். ஆனால் வாக்கி டாக்கியில் கழுகைப் பற்றி ஒன்றும் வரவில்லை.

"இன்ஜினியரே."

"சொல்லுங்க."

"நின்னுடுச்சு."

"ஆமா. நீங்கதானே சொன்னீங்க."

"எட்டும் நின்னுடுச்சு," என்றார் மறுபடியும்.

அன்று மாலை அவரைப் பார்த்தபோது, மணலிலேயே உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னார். "மலையைப் பாத்து நகருன்னு சொன்னேன், அது நகந்துடுச்சு. அப்படித்தான் இருந்துச்சு. பயமா இருந்துச்சு, பொண்ணே." பிறகு கேட்டார்: "அத்தனையும் நின்னுச்சே, எத்தனை வீட்டுல வெளக்கு அணைஞ்சுது?"

ஒன்றும் அணையவில்லை என்றேன். இங்கே குறைந்ததை ஈடுகட்ட வேறு எங்கோ எரிவாயுவைக் கொஞ்சம் கூடுதலாக எரிப்பார்கள், அவ்வளவுதான்.

அவர் விரல் விட்டு எண்ணினார். "அப்போ வீணா நிறுத்தினாலும் பாவம். நிறுத்தாம விட்டாலும் பாவம்."

எனக்கு அதைவிடச் சுருக்கமாக யாரும் இந்த வேலையைச் சொன்னதில்லை. மரேனிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

இரண்டாம் வசந்தத்தில், ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மூன்றாம் இடத்திலிருந்து அழைப்பு வந்தது. "நிறுத்து. மூணாம் வரிசை. செங்கால் நாரை, பத்து." ஹாதிம் நிறுத்தினார், நான் எழுதினேன். பதினெட்டு நிமிடம். பிற்பகலில் மறுபடியும் நாரை, பத்து. திங்கட்கிழமை இன்னொரு முறை, பத்து. செவ்வாய்க்கிழமை காலையில் நான்காவது முறை வந்தபோது ஹாதிம் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"எப்பவும் பத்தேதானா? ஒன்பது கெடையாது, பதினொண்ணு கெடையாது. இந்த நாரைங்க பள்ளிக்கூடத்துல வரிசை கட்டி வருதா? நாலாம் எடத்துக்காரன் எதுவுமே கண்ணுல படலைங்கறான்."

கண்காணிப்பு இடங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வண்டியில் என்னைப் போய்ப் பார்த்துவரச் சொன்னார்.

நான்கு கம்பம், மேலே ஒரு தார்ப்பாய், பக்கத்தில் அவருடைய பழைய பிக்கப் வண்டி. மூன்றாம் இடம் அவ்வளவுதான். பிக்கப்பின் நிழலில் ஒரு நாரை நின்றுகொண்டிருந்தது. இடது இறக்கை கொஞ்சம் தொங்கியிருந்தது. அதன் முன்னால் தகர டப்பாவில் தண்ணீர், ஒரு தட்டில் பொடிமீன். சுவைலிம் எட்டத்தில் உட்கார்ந்து தேநீர் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுதானே இருக்கு?" என்றேன்.

"ஒண்ணுதான்."

"பத்துன்னு சொன்னீங்க."

"ஒண்ணுன்னா நிறுத்தியிருப்பீங்களா?"

"மாட்டோம்."

"அதான் பத்து." எனக்கும் ஒரு கண்ணாடிக் குவளையில் தேநீர் ஊற்றினார். "நான் கூப்பிடலை, பொண்ணே. தானா வந்து என் நிழல்ல நின்னுது. நிழலுக்கு வந்தவன் எங்க அப்பனைக் கொன்னவனா இருந்தாலும் மூணு நாளும், அதுக்கு மேல நாலாம் நாள் உச்சி வரைக்கும் அவன் மேல ஒரு கீறல் விழக்கூடாது. விழுந்தா அப்புறம் நான் எந்தக் கூடாரத்துலயும் போய் ஒக்கார முடியாது. இவரு என்னடான்னா எறக்கை சரியாச்சான்னு பறந்து பாக்க எந்திரிச்சு, நேரா அந்த அஞ்சாவது கோபுரத்துக்குத்தான் போறாரு. அம்மாம்பெரிய பாலைவனம் இருக்கு! புத்தி கெட்ட விருந்தாளி வந்து வாய்ச்சிருக்கான் எனக்கு."

நாரை தன்னைப் பற்றிப் பேசுவதைப் பொருட்படுத்தாமல் ஒரு மீனைத் தூக்கி விழுங்கியது.

"நான் அதைப் பத்துன்னு எழுதியிருக்கேன், அபூ ஃபராஜ். நாலு தடவை."

அவர் கை நின்றது. "எழுதினியா? வாயால சொன்னதை எதுக்கு எழுதற?"

இரண்டு வசந்தமாக அவரிடம் யாரும் அதைச் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு அழைப்பும் பதிவேட்டில் ஏறும் என்றேன். அடுத்த வருடம் எந்த வரிசையை எப்போது நிறுத்துவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். தெற்கே இன்னும் முந்நூறு கோபுரம் வரப்போகிறது. அவற்றை எங்கே நடலாம், எங்கே நடக்கூடாது என்பதும் அதிலிருந்துதான். வெளிநாட்டுக்காரர்கள்கூட அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்குகிறார்கள்.

"நான் சொல்றது காத்தோட போயிடும்னு நெனைச்சேன்," என்றார். "விருந்தாளியைக் காப்பாத்தச் சொல்ற பொய்யை எங்க ஆளுங்க பொய்னே சொல்ல மாட்டாங்க." தேநீர்க் குவளையை மணலில் வைத்தார். "ஆனா எழுதின பொய் எங்கயோ போய் ஒக்காந்துக்குமே. என்னைப் பாக்காதவன்கூட அதை நம்புவான் இல்ல?"

பதிவேட்டில் பொய் இருப்பதை நான் மரேனிடம் சொல்லாமல் மறைக்க முடியாது. அது அவருக்கும் தெரியும்.

"வண்டியில எடம் இருக்கா?" என்று எழுந்தார். "நானே வந்து சொல்றேன். நீ சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிடும்."

கட்டுப்பாட்டு அறையில் அவர் நின்றுகொண்டே சொன்னார். நான் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். மரேனுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும்.

"எங்ககிட்ட இதுக்குன்னு ஒரு கருவியும் இல்ல. எட்டுப் பேரோட வார்த்தையை நம்பித்தான் இத்தனை பெரிய பண்ணையை நிறுத்தறோம். உங்க பத்து ஒண்ணாயிருந்தா, உங்க நூறு என்ன? உங்க வார்த்தையை நான் இனிமே எதை வெச்சு அளக்கறது?"

மேலிடத்துக்கு எழுதிப் பதில் வரும் வரை வாக்கி டாக்கியை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். சுவைலிம் அதன் இடுக்குகளில் இருந்த மணலைச் சட்டைக் கையால் துடைத்து மேசைமேல் வைத்தார்.

"நாளைக்கு உச்சி வரைக்கும் அங்க இருந்துக்கட்டுமா? வேலைக்கு இல்ல. விருந்தாளி இருக்காரு."

ஹாதிம் சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை அடக்கினார். மரேன் தலையசைத்தார்.

புதன்கிழமை விடியும்போதே கம்சீன் என்ற பாலைக் காற்றின் புழுதி கிளம்பியிருந்தது. வானம் தேநீர் நிறத்தில் இருந்தது. மூன்றாம் இடத்துக்கு ஷெரீஃப் என்ற இளைஞனை அனுப்பியிருந்தார்கள். விலங்கியல் படித்தவன், கெட்டிக்காரன். எட்டு இடங்களிலிருந்தும் ஒரே பேச்சுதான்: "ஒண்ணும் தெரியலை." மரேன் தெற்கே புதிதாக அளக்கும் இடத்துக்குப் போயிருந்தார், அங்கே அவருக்குத் தொலைபேசி எடுக்காது. காற்று மட்டும் நன்றாக இருந்தது. அறுபத்து நான்கும் முழு வேகத்தில் ஓடின.

பத்து மணி தாண்டி என் கைபேசி அடித்தது. சுவைலிம்.

"பொண்ணே, நிறுத்தச் சொல்லு."

"எந்த வரிசை?"

"எல்லாத்தையும்."

"என்ன பறவை?"

"நான் பாக்கலை. நாரை பாக்குது."

எனக்குப் புரியவில்லை. அவர் அவசரமாக, ஆனால் தெளிவாகச் சொன்னார். "தலையைச் சாய்ச்சு ஒத்தைக் கண்ணால மேல பாக்குது. ஒரே எடத்தைப் பாக்கலை. தெக்கேயிருந்து வடக்கே வரைக்கும் கண்ணை ஓட்டிக்கிட்டே இருக்கு. அலகுல இருந்த மீனைக் கீழ போட்டுடுச்சு. ஷெரீஃப் தம்பிகிட்ட சொன்னேன், அவன் கண்ணுக்குப் புழுதிதான் தெரியுதாம். என் கண்ணுக்கும் அதான் தெரியுது. ஆனா மேல இருக்கு. வருது."

"எத்தனைன்னு கேப்பாங்க, அபூ ஃபராஜ்."

"தெரியாது. அதை மட்டும் என்கிட்ட கேக்காதே."

ஹாதிமிடம் சொன்னேன். அவர் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டார். "நேத்து அவரு பத்து ஒண்ணாயிருந்துச்சு. இன்னிக்கு எண்ணிக்கையே கெடையாது. இப்படி ஒரு காத்துல அறுபத்து நாலையும் நிறுத்தணுமாம், ஏன்னா நாரை பாக்குதாம்! நாரையை எப்போ வேலைக்குச் சேத்தோம்?"

நான் அந்த அறையில் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்று எழுந்து நின்றேன் என்பதுகூட, பிறகு ஹாதிம் சொல்லித்தான் தெரியும்.

"பொய் சொல்றதா இருந்தா எண்ணிக்கை சொல்லியிருப்பார். பத்துன்னு சொன்னா போதும்னு அவருக்குத் தெரியும். தெரியாதுங்கறார். அதனாலதான் சொல்றேன், நிறுத்துங்க."

"ஒண்ணும் வரலைன்னா பதிவேட்ல யார் பேரு?"

"என் பேரு."

ஹாதிம் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "கீழ என் பேரையும் போடு," என்று சொல்லிவிட்டு எல்லா வரிசைகளையும் தட்டினார்.

அறுபத்து நான்கும் சேர்ந்து நின்று நான் அதுவரை பார்த்ததில்லை. ஓடும்போது அவை எழுப்பும் இரைச்சல் நம் காதுக்குப் பழகிவிடுகிறது. நின்ற பிறகுதான் இத்தனை நாளும் அது இருந்ததே தெரிகிறது. கெய்ரோவிலிருந்து தொலைபேசி வந்தது. ஹாதிம், "பறவை" என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்தார். நான்கு நிமிடம். ஏழு நிமிடம். வாக்கி டாக்கியில் எட்டு இடமும் மாறி மாறி, ஒன்றும் தெரியலை, ஒன்றும் தெரியலை என்றது. பதினோராவது நிமிடத்தில் ஹாதிம் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அந்த நாரைக்குக் கழுத்து சுளுக்கியிருக்கும்."

நான் வெளியே வந்து படியில் நின்றேன். முதலில் வந்தது நிழல்தான். புழுதிக்குள் மங்கலாக, அகன்ற நிழல்கள் மணல்மேல் ஓடின. படிகளில் ஏறி இறங்கின. கைப்பிடியில் இருந்த என் கைமேல் ஒன்று ஏறிப் போனது. நிமிர்ந்து பார்த்தேன்.

புழுதியால் அன்று தரையின் சூடு மேலே எழவில்லை. அதனால் அவை வழக்கமான உயரத்தில் இல்லை. கோபுர இறக்கைகளின் உயரத்திலேயே வந்துகொண்டிருந்தன. வெள்ளை உடம்பு, கருத்த இறக்கை விளிம்பு, பின்னால் நீட்டிய சிவந்த கால்கள். ஒன்றும் இறக்கை அடிக்கவில்லை. ஒரு சத்தம் இல்லை. ஒரு படலம் கடந்தால் அதன் மேலே இன்னொரு படலம், அதன் மேலே புழுதிக்குள் கரைந்துபோகும் இன்னொன்று. நின்றுபோன கோபுரங்களுக்கு நடுவே அவை தண்ணீர் போலப் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்து போயின. அசையாமல் நீட்டியிருந்த ஓர் இறக்கையின் நுனிக்கு ஒரு முழம் தள்ளி ஒரு நாரை போனதைப் பார்த்தேன். அது அந்த இறக்கையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மலையைக் கடப்பது போலக் கடந்தது.

ஹாதிம் எப்போது என் பக்கத்தில் வந்து நின்றார் என்று தெரியாது. வாக்கி டாக்கியில் ஷெரீஃப் எண்ணிக்கொண்டிருந்தான். நானூறு வரை வந்தான். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு, "யா ரப், ஆண்டவனே" என்று மட்டும் சொன்னான். கூட்டம் கடந்து முடிய நாற்பத்தேழு நிமிடம் ஆனது.

மரேன் பிறகு ஷெரீஃப் எடுத்த படங்களை வைத்துக் கணக்கிட்டார். பதினோராயிரத்துக்கும் மேல். அந்தப் படங்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மனிதர்கள் பூமிக்காக எழுப்பிய அத்தனை பெரிய விஷயத்தை, மீன் தின்றுகொண்டிருந்த ஒரு பறவையின் சாய்ந்த கழுத்து நிறுத்தி வைத்தது.

அந்த விருந்தாளி கூட்டத்தோடு போகவில்லை. உச்சிவேளை தாண்டி நான் போனபோது அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது. "நேரம் முடிஞ்சுபோச்சு, இவரு கெளம்பற மாதிரி தெரியலை," என்றார் சுவைலிம். "இத்தனை சொந்தக்காரங்க மேல போறாங்க, இவருக்கு மீன்தான் பெருசு." இரண்டு நாள் கழித்து, யாரும் பார்க்காதபோது அது போய்விட்டது. சொல்லிக்கொள்ளாமல் போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

சுவைலிம் இன்றும் மூன்றாம் இடத்தில்தான் இருக்கிறார். அதற்காக மரேன் மேலிடத்தோடு எத்தனை கடிதம் எழுதிச் சண்டை போட்டார் என்பது தனிக் கதை. தெற்கே புதிய கோபுரங்களும் எழும்பத் தொடங்கிவிட்டன. அங்கே உட்கார இன்னும் இருபது பேரைத் தேடுகிறார்கள். ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் நினைவு வருவது, நாரைகள் கடந்த மறுநாள் வியாழக்கிழமை, கட்டுப்பாட்டு அறையில் அவர் கேட்டது.

மேலிடத்துக்கு இன்னும் அனுப்பாத கடிதத்தை ஓரம் ஒதுக்கிவிட்டு, மரேன் வாக்கி டாக்கியை எடுத்து அவர் முன்னால் வைத்தார். ஹாதிம் உற்சாகமாக இருந்தார். "எடுத்துக்கங்க அபூ ஃபராஜ். அந்த நாலு பத்தும் அப்படியே கெடக்கட்டும். நாலு பத்து நாப்பது. பதினோராயிரத்துல நாப்பதை எவன் தேடப் போறான்?"

சுவைலிம் வாக்கி டாக்கியைத் தொடவில்லை. என் மேசைக்கு வந்து, "அந்தப் புத்தகத்தை எடு" என்றார். எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை விரித்தேன். படிக்கத் தெரியாததால், எது எந்தக் கட்டம் என்று என்னைச் சொல்லச் சொல்லி ஒவ்வொன்றிலும் விரல் வைத்துப் பார்த்தார். நேரம். வரிசை. பறவை. எண்ணிக்கை. எத்தனை நிமிடம். காரணம்.

"இதை மாத்தினா, ஒத்தைப் பறவைக்காக நாலு தடவை நிறுத்தினது மேலிடத்துக்குத் தெரியும்," என்றேன் மெதுவாக. "உங்களை வேலையை விட்டே அனுப்பலாம்."

"அனுப்பினா அனுப்பட்டும். நேத்து நான் எண்ணிக்கை இல்லாமக் கேட்டேன், நீ நம்பினே. நாளைக்கு இந்தப் புத்தகத்தைப் படிக்கிறவனுக்கு என்னைத் தெரியாது. அவன் எதை வெச்சு நம்புவான்?" எண்ணிக்கைக் கட்டத்தில் விரலை அழுத்தினார். "பத்துன்னு இருக்கற எடமெல்லாம் வெட்டி ஒண்ணுன்னு எழுது, பொண்ணே. நிமிஷத்தை மாத்தாதே, நிறுத்தினது நிறுத்தினதுதான். கடைசிக் கட்டத்துல, என் நிழலுக்கு வந்துச்சுன்னு எழுது. உனக்குத் தெரிஞ்ச ரெண்டு பாஷையிலயும் எழுது."